அலமாரிக்கு என்ன கலர்?

தடால்!

சமையலறையிலிருந்து அம்மாவும் மாடியிலிருந்து மிளகும் ஓடி வந்தார்கள். ஆள் பொடிசு, பேச்சில் காரம். அதனால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

அப்பா சுவரில் மாட்டிக்கொண்டிருந்த அலமாரி தரையில் கிடந்தது. அவர் ஏறி நின்ற முக்காலி கவிழ்ந்திருந்தது. அப்பா பின்மண்டையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி, அலமாரி இடித்த மோவாயில் ரத்தத்தோடு ஊரையே கூட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயோ, ரத்தம்! பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று அம்மா பதறினார்.

"நீங்க போங்க. எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. "மிளகு, அலமாரிக்கு என்ன கலர் அடிக்கலாம்?"

"பச்சை."

"ஊதா!" அழுகைக்கு நடுவிலும் தம்பி விடவில்லை.

மிளகு சுத்தமான துணியை மடித்து அவன் மோவாயில் அழுத்திப் பிடித்தாள். ரத்தம் மெல்ல நின்றது.

"மிளகு, அலமாரிக்கு என்ன கலர் அடிக்கலாம்?"

"இப்பதானே சொன்னேன்!"

அப்பா தலையாட்டினார். கையிலிருந்த திருப்புளியை உற்றுப் பார்த்தார். "ஆமா, அலமாரிக்கு என்ன கலர் அடிக்கலாம்?"

"அப்பா விளையாடறார்!" என்று தம்பி சிரித்தேவிட்டான்.

மிளகுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா, எப்படி விழுந்தீங்க?"

"யாரு, நானா?"

மிளகு அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, தம்பிக்குத் தெருமுனை கிளினிக் போதும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது அப்பா. தலையில அடிபட்டிருக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

அம்மா அப்போதுதான் அப்பாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். உடனே போனை எடுத்தார்.

தம்பியைப் பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். மூன்றே தையல். "என்னைவிட நேராப் போட்டுட்டாரே டாக்டர்!" என்று அத்தைக்குத்தான் கொஞ்சம் பொறாமை.

பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். "உள்ளே லேசா ரத்தம் கசிஞ்சிருக்கு. நல்லவேளை, வீட்டிலேயே விட்டுடல. இங்கே வெச்சுப் பார்த்துக்கறோம்," என்றார் டாக்டர்.

நான்காம் நாள் அப்பா வீடு திரும்பினார். வந்ததும் கண் அலமாரியின் மேல்தான். "கலர் முடிவாச்சா?"

"ஊதா! அன்னிக்கு நீங்களே சரின்னு சொன்னீங்களே!" என்றான் தம்பி, கண் இமைக்காமல்.

"அன்னிக்கு நடந்தது எதுவுமே ஞாபகமில்லையே. மிளகு, நானா அப்படிச் சொன்னேன்?"

மிளகு தம்பியைப் பார்த்தாள். மோவாயில் பெரிய கட்டு. அதற்கு மேலே, கெஞ்சும் இரண்டு கண்கள்.

"ஆமாப்பா. ஊதான்னுதான் சொன்னீங்க."