மில் வாசல் சோதனை

"பட்டத்தைக் காணோம்!"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிச் சங்கு ஊதி அடங்கவில்லை, நிலக்கடலை உடைக்கும் கடலூர் முதுநகர் மல்லாட்டை மில்லின் ஆபீஸ் அறையிலிருந்து அமராவதி போட்ட கூச்சல் வாசல்வரை கேட்டது. மானேஜர் மேஜைமேல் தகரக் குழல் கிடந்தது. மூடி பக்கத்தில் கிடந்தது. உள்ளே சுருட்டி வைத்திருந்த பி.ஏ. பட்டம் மட்டும் இல்லை.

காவல்காரன் காத்தவராயன் சட்டென்று கேட்டைச் சாத்திப் பூட்டினான். ஒரு ஈகூட வெளியே போகவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் லூர்துசாமி வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பென்ஷனுக்கு ஆறு மாசம் இருந்தது. காலையில் பண்ருட்டி ரோட்டில் முந்திரி லாரி கவிழ்ந்த கேஸ், நாளைக்குச் சிதம்பரத்தில் ஆனித் தேர் பந்தோபஸ்து. நடுவில் இது. பூட்ஸுக்குள் கால் வீங்கி வலித்தது. அறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தார்.

"ஒரு காயிதத்துக்கா இத்தினி கலாட்டா?"

"அது வெறும் காயிதம் இல்ல சார்," என்றாள் அமராவதி. அழுது முடித்த குரல்.

சிதம்பரத்துப் பெண். அங்கேயே படித்து பி.ஏ. வாங்கி, ஒரு வருஷமாக இந்த மில்லில் பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறாள். பெரிய மில்களில் தொழிலாளர் நலனுக்கென்று அதிகாரி வைக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதற்கான இரண்டு வருஷப் படிப்பு பம்பாயில். விண்ணப்பத்தோடு அசல் பட்டம் போக வேண்டும் என்றுதான் அதை ஆபீஸுக்குக் கொண்டுவந்திருந்தாள். வியாழக்கிழமை மத்தியான மெயிலை விட்டால் அவ்வளவுதான். நகல் வாங்க மாசக்கணக்காகும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால், அடுத்த வருஷத்துக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டார்கள்.

லூர்துசாமி விண்ணப்பத்தைப் புரட்டினார். ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'இந்தப் படிப்பு உமக்கு எதற்கு?'

"இத ஏம்மா வுட்டுட்ட?"

"எழுதி எழுதிக் கிழிச்சிட்டேன் சார். எது எழுதினாலும் மேடைப் பேச்சாட்டம் இருக்கு."

அவர் குழலை எடுத்து விளக்கில் காட்டினார். பளபளவென்று இருந்தது. பிறகு ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே காத்து நின்ற ஜனம் முழுக்க, தலையிலிருந்து கால்வரை, மல்லாட்டைத் தொலியின் சிவப்புத் தூசி.

"சரி. எல்லாரையும் சோதனை போடு. ஒருத்தர் பாக்கி இருக்கக் கூடாது."

சோதனை அந்த மில்லுக்குப் புதிதில்லை. மடியில் மல்லாட்டை கட்டிக்கொண்டு போகிறார்களா என்று தினமும் வாசலில் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஆறு மாசத்துக்கு முன்புவரை பெண்களையும் காத்தவராயன்தான் தடவினான். அந்தக் கண்றாவியைச் சண்டை போட்டு நிறுத்தியவள் அமராவதி. இப்போது வாசல் ஓரத்தில் கோணித் திரை தொங்குகிறது. அதற்குப் பின்னால் சோதனை போடுவதற்குச் சின்னம்மாள் என்ற விதவையை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் சங்குக்கு முன்னால் மானேஜர் அறைக்குப் போய், ஆணியில் தொங்கும் பித்தளை வில்லையை எடுத்து மாட்டிக்கொண்டால்தான் அவளுக்கு அதிகாரம். மானேஜர் ராஜசபேசனின் சட்டம் அது.

ஆண்களைக் காத்தவராயன் கோவணம்வரை பார்த்தான். பெண்கள் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள். மானேஜரும் தலைமைக் குமாஸ்தா பஞ்சநாதமும் முணுமுணுத்துக்கொண்டே கையைத் தூக்கி நின்றார்கள். காத்தவராயனை லூர்துசாமியே தடவினார்.

"என்னையும் பாத்துடு சின்னம்மா. அப்புறம் ஒரு பேச்சு வரக் கூடாது," என்று அமராவதியும் திரைக்குப் பின்னால் போனாள். அவளைப் பார்த்துவிட்டு வந்த சின்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்த்தவர்களுக்கெல்லாம் நெஞ்சு இளகிவிட்டது.

பட்டம் கிடைக்கவில்லை. கான்ஸ்டபிள்கள் கோணி கோணியாகப் புரட்டினார்கள். மில்லிலும் இல்லை.

"அஞ்சு மணிக்கு முன்னால எங்க இருந்தீங்க?" லூர்துசாமி மானேஜரைக் கேட்டார்.

"கிடங்குல எடை பார்த்துண்டிருந்தேன். நான் ஏன் சார் எடுக்கறேன்? சர்வீஸ் சர்டிபிகேட்ல சந்தோஷமா கையெழுத்துப் போட்டவன் நான். அவ பம்பாய் போய்த் தொலைஞ்சா எனக்கு நிம்மதி. திரையும் வேண்டாம், வில்லையும் வேண்டாம், ஒரு ஆள் சம்பளம் மிச்சம். இதை நான் ஒளிச்சு வச்சுப் பேசலை, எல்லாருக்கும் தெரியும்."

"நீரு?"

"டீ குடிக்கப் போனேங்க," என்றார் பஞ்சநாதம். வியர்த்திருந்தது.

"ஏன் வேர்க்குது?"

"எம் மச்சான் மவன்... சிதம்பரத்துல இருக்கான். அவனும் இதே படிப்புக்குத்தான் மனு போடுறான். நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

புதன்கிழமை சிதம்பரத்தில் தேர் நகர்ந்தது. நெரிசலில் நசுங்கி, வெயிலில் வெந்து, லூர்துசாமி கீழ வீதியில் நின்றார். மச்சான் மகனைத் தேடிப் பிடித்தாயிற்று. பையன் சிரித்தான். "ரயில்வேல வேல கெடச்சிடுச்சி சார். மனுவைப் போன வாரமே கிழிச்சிப் போட்டுட்டேன். மாமாவுக்கு இன்னும் சொல்லல." இருந்த ஒரு நூலும் அறுந்தது. இந்த வயசில் இதெல்லாம் எனக்குத் தேவையா என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

அப்போது கூட்டத்தில் ஒரு கூக்குரல். சங்கிலி அறுத்தாள் என்று ஒரு பெண்ணை மடக்கியிருந்தார்கள். கான்ஸ்டபிள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"புடிச்சி சோதன போடேன்யா!"

"பொம்பளங்க ஐயா. தொட்டா தேர வுட்டுட்டு ஊரே நம்மள இழுக்கும்." அவன் ஓடிப்போய்ப் பூக்காரி ஒருத்தியை அழைத்து வந்தான். அவள் மடியைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

லூர்துசாமி அந்தப் பூக்காரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, "அடச்சீ!" என்றார். தன்னைத்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. மானேஜர் அறையில் எல்லாரும் நின்றார்கள்.

"குழலை வுட்டுட்டு காயிதத்த மட்டும் எடுத்திருக்காங்க. ஏன்? ஒடம்புல சுத்திக்கத்தான். குழல்ல பொட்டுத் தூசி இல்ல. அப்ப ஷெட்டுல வேல செய்யிற ஆளு இல்ல. சுத்தமான கை மானேஜருக்கு, குமாஸ்தாவுக்கு, காத்தவராயனுக்கு. மூணு பேரையும் சோதன போட்டாச்சு." குழலை மேஜைமேல் உருட்டிவிட்டார். "இந்தப் பொண்ணு போவக் கூடாதுன்னு பொறாமப்பட்டது யாருன்னு ரெண்டு நாளா சுத்தினேன். போயிட்டா நஷ்டம் யாருக்குன்னு கேக்கல. சங்குக்கு முன்னால இந்த ஆணிகிட்ட வந்தது யாரு? சோதன போட்டவள சோதன போட்டது யாரு?"

"எடு சின்னம்மா."

சின்னம்மாள் மடியிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்துப் பிரித்தாள். பூச்சி அரிக்காமல் இருக்கக் கற்பூரம் வைத்து, மடிப்பு விழாமல் சுருட்டிய பட்டம்.

"கிழிக்க மனசு வரலீங்க. மெயிலு போனதும் குடுத்துடணும்னுதான் மடியிலயே வெச்சிருந்தேன்." அவள் அமராவதியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போன அன்னிக்கே திரைய கழட்டிடுவாங்க தாயி. மறுபடியும் அந்தக் கைதான எம் பொண்ணு மேல படும்? அவளும் ஷெட்டுக்கு வந்துட்டா தாயி."

காத்தவராயன் தலையைக் குனிந்துகொண்டான்.

"லாக்கப்ல போடுங்க சார்!" ராஜசபேசன் மேஜையைத் தட்டினார். "இன்னியோட திரையும் காலி!"

"பிராது கொடுத்தவ நான். வாபஸ் வாங்கறேன்," என்றாள் அமராவதி. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "வில்லையை அவகிட்ட இருந்து வாங்கிக்குங்க, அது நியாயம். ஷெட்டுல இருக்கிற லோகநாயகிகிட்ட கொடுங்க. வரிசைல கடைசியா வர்றவ, சோதனை போடுறவளைச் சோதனை போடட்டும். சின்னம்மாவுக்கு ஷெட்டுல வேலை. ஆனா திரை இருக்கணும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா ஒரு பொம்பள பிராது குடுப்பா," என்றார் லூர்துசாமி. "எழுத நான் இருக்கேன்." ஆறு மாசம்தான் இருப்பார். அது அறையில் எல்லாருக்கும் தெரியும்.

மானேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அமராவதி பேனாவைத் திறந்தாள். காலியாக இருந்த கட்டத்தில், இந்தத் தடவை யோசிக்காமல், ஒரே வரி எழுதினாள். பட்டத்தோடு உறையில் போட்டு லூர்துசாமியிடம் நீட்டினாள். "போற வழில மெயில்ல சேத்துடுறீங்களா சார்? சின்னம்மாவை ஷெட்டுல கொண்டுபோய் வுடணும்."

உறையை ஒட்டுவதற்கு முன் அவர் அந்த வரியைப் படித்தார்.

'நான் இல்லாதபோதும் எங்கள் மில் வாசலில் ஒரு கோணித் திரை தொங்க வேண்டும்.'

லூர்துசாமி உறையை ஒட்டினார். பூட்ஸைத் திட்டிக்கொண்டே சைக்கிளில் ஏறித் தபாலாபீஸுக்கு மிதித்தார்.