மர்சேய்க்குப் போகாத வடவம்

நாகரிகத்தின் சிகரத்தை நோக்கி மனிதகுலம் நடத்திவரும் நெடும்பயணத்தில் புதுச்சேரிக்குத் தனி இடம் உண்டு. 1959ஆம் ஆண்டு அந்தப் பயணத்துக்குப் பெட்டி கட்டி முடித்த தெய்வநாயகம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மனைவி ரஞ்சிதம் கையைப் பிடித்து இழுத்துவர, மொரீஸின் வீட்டு வாசலில் நின்றார். அவருடைய பாஸ்போர்ட்டைக் காணவில்லை.

மொரீஸ் பிரெஞ்சுக்காரர் காலத்துப் போலீசிலிருந்து ஓய்வு பெற்றவர்; தெருவார் பிரெஞ்சு வழக்கப்படி 'மிசே' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டார், அதனாலேயே மேதை என்று பெயர். பக்கத்தில் இருந்த கொளஞ்சிக்கு சைக்கிள் கடை தொழில், துப்பறிவது ஆசை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும்.

விஷயத்தை ரஞ்சிதம்தான் சொன்னாள். மகளும் மருமகனும் மர்சேயில் இருக்கிறார்கள். இனி அங்கேயே வாசம் என்று தெய்வநாயகம் தெருவெல்லாம் சொல்லியாயிற்று. ரஞ்சிதம் புதுச்சேரியில் பிறந்தவள், பிரெஞ்சு பாஸ்போர்ட்; பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பம் என்பதால் இவர் கையில் மட்டும் இந்திய பாஸ்போர்ட். பிரான்சில் தங்க விசா வேண்டும். துணைக்கு யாரையும் சேர்க்காமல் கான்சல் ஆபீசுக்குப் போய், பிரெஞ்சிலேயே பேசி வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு விருந்து நடந்தது. வெள்ளிக்கிழமை கப்பல். இன்று காலை பீரோவில் பாஸ்போர்ட் இல்லை.

"பீரோவத் தொடைக்கிறவ அன்னக்கிளி ஒருத்திதான்," என்றார் தெய்வநாயகம். "அவள நிறுத்திட்டாப் போதும். போலீசு கீலீசு வேணாம்."

"போதுமாமே! அவ பொண்ணுக்கு இப்பத்தான் பேசி முடிச்சிருக்கு," என்றாள் ரஞ்சிதம். "திருட்டுப் பேரு பிள்ளைச்சாவடி சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேந்தா அந்தக் கல்யாணம் நடக்குமா? எடுத்தவங்க யாருன்னு தெரியணும், மிசே."

நால்வரும் தெய்வநாயகத்தின் வீட்டுக்குப் போனார்கள். அன்னக்கிளி அடுப்படியில் முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். அழுதாலும் குழம்பை அடிபிடிக்க விடவில்லை. கொளஞ்சி ஜன்னலோரம் சேற்றுச் செருப்புத் தடம் ஒன்றைக் கண்டுபிடித்து, திருடன் வலது காலைச் சாய்த்து நடப்பவன் என்று நிறுவினார். தடம் அவருடையதுதான் என்று ரஞ்சிதம் காட்டிக்கொடுத்தாள்.

மொரீஸ் அடுப்படி வாசலில் நின்று மூச்சை இழுத்தார்.

"வடவம் போட்டுத் தாளிச்சதா?"

வெங்காயமும் வெந்தயமும் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, இந்த வருஷம் ரஞ்சிதம் காயவைத்த தாளிப்பு வடவமெல்லாம் மழையில் நனைந்து பூசணம் பூத்துவிட்டதாம். நல்லதாக இருந்திருந்தால் மகளுக்கே அனுப்பியிருப்பாளாம். சாரம் பக்கம் இருக்கும் ஒரு சிநேகிதர் கொடுத்தார் என்று தெய்வநாயகம்தான் சனிக்கிழமை கொஞ்சம் கொண்டுவந்தாராம்.

"ஞாயித்துக்கிழம விருந்துலயும் இதே வாசனதான், மிசே," என்றார் கொளஞ்சி.

மொரீஸ் குழம்புச் சட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஏனோ அவர் காது சிவந்தது.

புதுச்சேரியில் ஒருவர் பிரான்சுக்குக் கப்பலேறினால், அங்கே பிள்ளை இருக்கிற வீட்டார் எல்லாரும் ஒரு டப்பா வடவத்தோடு வந்துவிடுவார்கள். வாங்கமாட்டேன் என்பது மரியாதையில்லை. வாங்கியதைத் திறப்பது அதைவிடக் கேவலம். மொரீஸின் அக்கா ஜெனவியேவும் தன் மகனுக்கு ஒரு டப்பா கொடுத்திருந்தாள்.

"பயணம்தான் இல்லைன்னு ஆயிடுச்சே. அக்கா டப்பாவக் குடுத்துடுங்க," என்றார் மொரீஸ்.

அது பெட்டியின் அடியில் இருக்கிறது, சாவியைக் காணோம் என்றார் தெய்வநாயகம். ரஞ்சிதம் அவர் இடுப்பிலிருந்தே சாவியை உருவினாள். டப்பாவில் பாதிதான் வடவம் இருந்தது. அதன்மேல், விளக்கெண்ணெயும் வெந்தயமும் மணக்க, பாஸ்போர்ட் கிடந்தது.

"பாஸ்போர்ட் காணாமப் போனது இன்னிக்கு. வடவம் கொழம்புக்குப் போனது ஞாயித்துக்கிழம," என்றார் மொரீஸ். "போறவன் அடுத்த வீட்டு டப்பாவத் தொறக்கமாட்டான். போகப் போறதில்லைன்னு இவருக்கு அப்பவே தெரியும்." பிறகு விசாவைப் படித்தார். "இது தங்குற விசா இல்லம்மா. வழிப்போக்கர் விசா. மர்சேயில எறங்கி அடுத்த கப்பல் ஏறிடணும்."

தெய்வநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆபீசில் தமிழுக்கென்று ஓர் ஆள் இருந்தான். ஆனால் வரிசையில் தெருக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். எந்த விசா என்று அதிகாரி பிரெஞ்சில் விளக்கத் தொடங்க, இவர் முதல் கேள்விக்கே 'உய்', ஆமாம், என்று தலையாட்டிவிட்டார். சனிக்கிழமை கப்பல் ஏஜெண்டு பார்த்துவிட்டு, மர்சேயிலிருந்து எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டான். அதற்குள் வாசலில் விருந்துக்குப் பந்தல் போட்டாயிற்று. பிறத்தியார் டப்பாவை யாரும் திறக்கமாட்டார்கள் என்று பாஸ்போர்ட்டை ஒளிக்க அதில் இடம் பண்ணியபோது, வெளியே எடுத்த வடவத்தை எறிய மனம் வரவில்லை.

"அன்னக்கிளிகிட்ட சொல்லுங்க," என்றார் மொரீஸ்.

"பர்தோன்," என்றார் தெய்வநாயகம்.

"தமிழ்ல," என்றாள் ரஞ்சிதம்.

பாஸ்போர்ட்டைத் தானே ஒளித்ததாகவும், தன்னை மன்னிக்க வேண்டும் என்றும் தமிழில் சொன்னார். அன்னக்கிளி முந்தானையை இறக்கினாள்.

"நான் எடுக்கலைன்னு மாதா கோயில் பக்கம் பாத்துச் சத்தியம் பண்ணப்ப, நீங்களுந்தான ஐயா பக்கத்துல நின்னீங்க?"

அவள் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, சாப்பிடாமல் பிள்ளைச்சாவடிக்குப் புறப்பட்டாள். ரஞ்சிதமும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே போனாள், சம்பந்தி வீட்டுக்கு யாராவது முந்திப் போய்ச் சொல்லிவைப்பதற்குள்.

பாதி டப்பாவோடு திரும்பும் வழியில், அக்கா கைப்பக்குவத்தை வாசனையிலேயே பிடித்தீர்களே என்று கொளஞ்சி வியந்துகொண்டே வந்தார். மொரீஸ் தலைநிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அந்தக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிய மொரீஸ், தன் அக்காவுக்கு இப்படி வடவம் போட வராது என்று பந்தியில் சொல்லியிருந்தார்.