காகிதச் சுவரில் கல் யானை

ஜாக்குலினின் அப்பா மோசஸ் இதுவரை எத்தனை சுவர் வைத்திருப்பார் தெரியுமா? எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினால் நாவலூரில் ஆரம்பித்து நிலாவுக்கே போய்விடலாம். சரி, சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். பாதி தூரமாவது போகலாம்.

அத்தனையும் கம்ப்யூட்டர் ஆபீஸ்களுக்கு வைத்தவை. செங்கல் கிடையாது, சிமெண்ட் கிடையாது. இரும்புச் சட்டத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகையை முடுக்கி, இடுக்கில் டேப் ஒட்டி, பட்டி என்கிற வெள்ளைப் பசையைப் பூசித் தேய்த்தால் சுவர் தயார்!

2004ஆம் வருஷம் பெரிய லீவில், சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் தன் வீட்டிலும் அப்படி ஒன்று வைத்தார். ஒற்றை ஹால் இரண்டானது. ஒரு பாதி ஜாக்குலினுக்கும் தம்பி சாமுக்கும் சொந்த அறை.

இரண்டு நாள் வேலை. கறுப்பு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது ஜாக்குலின்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது பறந்த தூளில் அப்பா, அக்கா, தம்பி மூன்று பேரும் தலை முதல் கால் வரை வெள்ளை. அதைப் பார்த்த தெரு நாய் மறைமலைநகர் வரை ஓடிற்று.

முடிந்ததும் மோசஸ் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். "நம்ம வூட்டுக்குன்னு நான் வெச்ச மொத சுவரு" என்றார்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அம்மாவின் அக்கா சாராள் வந்து இறங்கினார். ஊர் மாமல்லபுரம். கல்லைத் தவிர வேறெதையும் நம்பாதவர். புது அறைக்குப் பரிசாக ஒரு கல் பலகை கொண்டு வந்திருந்தார். அதில் தும்பிக்கை தூக்கிய யானை. ஐந்து கிலோ! பஸ்ஸில் யானைக்கும் டிக்கெட் கேட்டார்களாம்.

"இன்னாடி இது, சுவரா?" பெரியம்மா விரலால் தட்டினார். டொம், டொம். "உள்ள ஒண்ணுமே இல்லியே! காயிதத்த நிக்க வெச்சிகினு சுவருன்றான் மோசஸு."

ஆணியை வைத்து ஒரே அடி. யானையை மாட்டினார்.

"ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணினான் சாம். மூன்று வருவதற்குள், ஆணியோடு கொஞ்சம் சுவரையும் பிய்த்துக்கொண்டு யானை குதித்தது. நல்லவேளை, கீழே சுருட்டி வைத்த மெத்தை. யானைக்கு ஒன்றுமில்லை. சுவரில்தான் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை.

"சாயங்காலம் அவன் வரட்டும். இத்த இடிச்சிட்டு செங்கல்லு வெக்கச் சொல்றேன்."

ஜாக்குலின் ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டாள். அறை போனால் போகிறது. சுவரைத் தடவிக்கொண்டு நின்ற அப்பாவின் முகம்?

"உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லாத பெரிமா. எலும்பு கீது!"

"எலும்பா? யாரோடது?" சாம் கட்டில் மேல் தாவினான்.

"இரும்பு எலும்புடா. அதுலதான் நைனா ஸ்க்ரூ முடுக்குச்சி."

"எங்க கீது? காட்டு பாப்போம்" என்றார் பெரியம்மா.

எப்படிக் காட்டுவது? சுவர் பால் போல இருந்தது. அப்பாவின் பட்டிக்குள் ஒரு ஸ்க்ரூவின் தலைகூடத் தெரியவில்லை. ஸ்க்ரூ... இரும்பு...

"சாம், உன் காந்தத்தக் குடு!"

உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் அது. சாம் மூன்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தான்.

ஜாக்குலின் அதைச் சுவரில் வைத்து மெல்ல நகர்த்தினாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு சாண். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம்...

டக்!

கையை எடுத்தாள். வெறும் வெள்ளைச் சுவரில், யாரும் பிடிக்காமல், காந்தம் தானாக நின்றது.

மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. அந்த நேரம் போன செங்கல்பட்டு ரயில்கூடச் சத்தமில்லாமல் போயிற்று.

அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. அதற்கு மேலே ஒரு டக். கீழே ஒரு டக். ஏழு புள்ளிகள், நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில்! சுவருக்குள் யாரோ இத்தனை நேரமும் நிமிர்ந்து நின்றிருந்தது போல இருந்தது.

பெரியம்மா கோட்டின் மேல் தட்டினார். டொம் இல்லை, டொக்! கெட்டியான சத்தம். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எட்றி ஸ்க்ரூவ!"

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பெரியம்மா முடுக்கினார். முடுக்கிய வேகத்தில் வீடே அரை வட்டம் திரும்பியது. யானை மறுபடி ஏறியது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." சாம் முன்னூறு வரை எண்ணினான். யானை அசையவில்லை.

ஜாக்குலின் ஓட்டையின் மேல் டேப் ஒட்டி, மிச்சமிருந்த பட்டியைப் பூசி, ஃபேன் காற்றில் காயவைத்து, உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தாள். புள்ளிகளையும் அழித்தாள்.

சாயங்காலம் வந்த மோசஸ் யானையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "சட்டம் இங்க கீதுன்னு எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

சாம் காந்தத்தை ஒட்டிக் காட்டினான். மோசஸ் சிரித்துக்கொண்டே சுவரைத் தடவினார். ஓர் இடத்தில் அவர் கை நின்றது. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்துவிட்டது. திரும்பத் திரும்பத் தடவினார்.

"இங்க பட்டி வெச்சது யாரு?"

ஜாக்குலின் தரையைப் பார்த்தாள். பெரியம்மா கூரையைப் பார்த்தார்.

"நான் மொத மொதல்ல வெச்ச பட்டி இதுல பாதிகூட நல்லா இல்ல" என்றார் மோசஸ்.

பெரியம்மா தொண்டையைச் செருமினார். "மோசஸு, எங்க வூட்லயும் இந்த மாதிரி ஒண்ணு வெச்சிக் குடேன். ஜாக்குவும் வரணும். காந்தத்தோட."

"காந்தம் என்னுது! நானும் வருவேன்!" என்று கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தான் சாம்: "முன்னூத்தி ஒண்ணு, முன்னூத்தி ரெண்டு..."

யானை இன்னும் விழவில்லை. சாம் இப்போது எழுபது கோடியைத் தாண்டிவிட்டான்.