எதையும் வாயில் வைக்காத குழந்தைகள்

மூன்றாவது நாளும் எந்தக் குழந்தையும் எதையும் வாயில் வைக்கவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவளுக்கு முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு பெரிய கடைக்காக, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விடுமுறைக் காலத்தில் என்ன பரிசு வாங்கலாம் என்று ஆண்டுதோறும் பட்டியல் போடுவது அவள் வேலை. பதினோரு ஆண்டுகளில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பரிசு குழந்தைக்கு அல்ல, கொடுக்கிறவரின் பெருமைக்கு. எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு மரக்கரண்டியும் காலி அட்டைப்பெட்டியும் போதும். அப்படி எழுதினால் கடைக்காரன் சோறு போடுவானா? ஆகவே 'அறிவை வளர்க்கும்', 'கற்பனையைத் தூண்டும்' என்று எழுதித் தள்ளினாள். காக்கையைப் போலத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நம்புகிற கூட்டம் அதைப் படித்துவிட்டு வரிசையில் வந்து நின்றது.

குழந்தைகளைப் பற்றியும் அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஒழுகுகிற மூட்டைகள். மேலே எச்சில், கீழே வேறு. அவற்றின் அம்மாக்கள் அடுத்த அறையில் பிஸ்கட் தின்றபடி, எந்த மூட்டை எப்போது குப்புற விழுந்தது என்று ஒருவருக்கொருவர் அளந்துகொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே விடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அம்மா இருந்தால் பிள்ளை பொம்மையைப் பார்க்காது, அம்மா முகத்தைத்தான் பார்க்கும்.

சோதனை அறை அலுவலகத்தின் நாலாவது மாடியில் இருந்தது. முன்பு பழைய கோப்புகளைப் போட்டு வைத்திருந்த, ஜன்னல் இல்லாத அறை. இப்போது தரையில் தடித்த மெத்தை, சுவரில் வெளிர்மஞ்சள் சாயம், நடுவில் வரிசையாக ஏழு பொம்மைகள். தினமும் நான்கு மணிக்கு ஐந்து குழந்தைகளை உள்ளே விடுவார்கள். எல்லாம் ஒரு வயதுக்குள். எதை முதலில் எடுக்கிறது, எதைத் தூக்கி எறிகிறது, எதை எவ்வளவு நேரம் சப்புகிறது என்று இருபது நிமிடம் அவள் குறித்துக்கொள்வாள். உள்ளேயிருந்து பார்த்தால் அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடிதான், அவள் தெரியமாட்டாள். சத்தம் ஒரு சிறிய ஒலிபெருக்கி வழியாக அவளிடம் வரும்.

முதல் நாள் ஒரு பெண் குழந்தை துணி யானையை எடுத்து, தவழ்ந்துபோய் இடது மூலையில் வைத்துவிட்டுத் திரும்பியது. 'விருப்பமில்லை' என்று எழுதினாள். இரண்டாம் நாள் ஐந்துமே அதைச் செய்தன. மூன்றாம் நாள் அவை வைத்துவிட்டுத் திரும்பவில்லை. மூலைக்கு முன்னால் உட்கார்ந்து, வெற்றுச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தன. முகத்தைப் பார்ப்பதுபோல. பார்த்து, சிரித்தன.

அன்று பொம்மைகளைத் துடைக்க வந்த துப்புரவுக்காரம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"எல்லாம் காஞ்சு கெடக்கும்மா. ஒண்ணுலகூட எச்சில் இல்ல."

"உங்களுக்கு வேலை மிச்சம்தானே."

"மூலையில கெடக்குறது மட்டும் வெதுவெதுன்னு இருக்கு. யாரோ இவ்வளவு நேரம் கையில வெச்சிருந்த மாதிரி."

"சுவருக்குள்ள ஏதாவது குழாய் போகும்."

"ரெண்டு நாளா பால் வாடை வேற. எத்தனை தடவை துடைச்சாலும் போகல. நாளைக்குப் பிள்ளைங்கள அந்த ரூம்ல விட வேணாம்மா."

"ஏன், பொம்மை கடிச்சிருமா?" என்று அவள் சிரித்தாள். துப்புரவுக்காரம்மா சிரிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படிக்காத ஜனங்களுக்குப் பயப்பட ஒரு மூலை போதும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மாலையில் ஒரு தாய் போனில் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்கு வர முடியாது என்றாள். மறுநாள் கடைசி நாள். ஐந்து இல்லாமல் சோதனை செல்லாது. வேறு வழியின்றித் தங்கைக்குப் போன் செய்தாள். தங்கை மகனுக்கு ஒன்பது மாதம். வீட்டில் எல்லாரும் உருண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பிறந்ததிலிருந்து தங்கைக்கு வேறு பேச்சே கிடையாது என்பதால், இந்த ஒன்பது மாதத்தில் அவள் இரண்டே முறைதான் அங்கே போயிருந்தாள்.

"உன் பிள்ளையக் கொஞ்ச நேரம் கொண்டு வர்றியா? ஒரு பொம்மை இலவசம்."

"பொம்மையெல்லாம் எதுக்குக்கா? நீ கூப்பிட்டதே போதும்."

அந்தக் குழைவு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மழை பெய்து, நான்கு மணிக்கே வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியம்மாவைப் பார், பெரியம்மாவைப் பார் என்று அவன் முகத்தைத் திருப்பினாள். உருண்டை ஒரு கணம் பார்த்தான். உதடு பிதுங்கியது. வீல் என்று கத்தி அம்மாவின் கழுத்துக்குள் புதைந்துகொண்டான்.

"இப்ப புது முகம் பார்த்தா அழற வயசுக்கா. யார் தூக்கினாலும் இப்படித்தான்."

"உள்ள விடு. தானா சரியாகும்."

உள்ளே விட்டதும் அழுகை நின்றது. மற்ற நான்கும் ஏற்கெனவே பொம்மைகளைத் தாண்டிப் போயிருந்தன. இந்தத் தடவை எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மரவளையம், பஞ்சுப்பந்து, கிலுகிலுப்பை எல்லாம் வரிசை கலையாமல் கிடந்தன. உருண்டை அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் முழங்காலும் உள்ளங்கையும் மெத்தையில் பதிய மூலைக்குப் போய், சுவருக்கு முன்னால் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். மூட்டைக்கு மூட்டை தோழன் என்று முணுமுணுத்தபடி அவள் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. கண்ணாடியின் விளிம்பு வழியாக ஒரு வாடை வந்தது. காய்ச்சாத பால். கொஞ்சம் புளித்த பால்.

ஒலிபெருக்கியில் குழந்தைகளின் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு. நீளமானது. நிதானமானது. ஒலிபெருக்கி பழுது என்று நினைத்து அதன் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தாள். ஐந்து மூச்சும் தேய்ந்தன. ஆறாவதும் அவற்றோடு தேய்ந்தது. திருப்பிக் கூட்டினாள். அறைக்குள்ளேதான் இருந்தது.

உருண்டை இரண்டு கைகளையும் மேலே தூக்கினான்.

தூக்கிக்கொள் என்று கேட்கிற கை.

அவன் அக்குளில் சட்டை சுருங்கியது. இரண்டு பக்கமும். மெத்தையில் அவன் உட்கார்ந்திருந்த பள்ளம் மெல்ல மேலெழும்பி நிரம்பியது. குதிகால் எழும்பியது. பிறகு கட்டைவிரல்.

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. எனக்குத் தூக்கமில்லை, அதனால்தான் என்று ஒரு வாக்கியம் மனதில் தொடங்கியது. முடியவில்லை.

தரைக்கு இரண்டு முழம் மேலே குழந்தை நின்றது. ஆடியது. இடமாக, வலமாக. அழுகிற பிள்ளையை ஆற்றுகிற ஆட்டம். ஒலிபெருக்கியில் சத்தம் கேட்டது.

தட். தட். தட்.

கதவு இரண்டே எட்டு. பிடி குளிர்ந்திருந்தது. உள்ளே காற்று சூடாக இருந்தது, போர்வைக்குள் இருக்கிற சூடு. மற்ற நான்கு குழந்தைகளும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றன் கால் மேல் அவள் கால் பட்டது. அது அழவில்லை.

"உருண்டை."

முதன்முறையாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"உருண்டை, வாடா. பெரியம்மாகிட்ட வா."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் கைகளை நீட்டினாள். அவன் உதடு பிதுங்கியது. புது முகம். அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் கன்னம் எதன்மீதோ அழுந்தித் தட்டையானது.

அவள் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். குழந்தை முனகியது. வலிக்கிறது. விட்டாள். தான் அழுகிறாளா, அவளுக்கே தெரியவில்லை. வாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. குடுத்திரு. என் தங்கச்சி பிள்ளை. குடுத்திரு.

அவள் கை அவன் முதுகுக்குப் போனது.

முதுகு கைக்கு எட்டவில்லை. நடுவில் தோல் இருந்தது. சூடான, ஈரமான தோல். அதற்குக் கீழே எலும்பு. விரல் எலும்பு. அவள் அதன் நீளத்தைத் தடவிக்கொண்டே போனாள். முடியவில்லை. பிடரியில் தொடங்கி இடுப்பு வரை ஒரே உள்ளங்கை.

மெத்தையில் மற்ற நான்கும் ஒவ்வொன்றாகக் கைகளைத் தூக்கின.

நடைவழியில் செருப்புச் சத்தம் வந்தது. தங்கையின் குரல், சந்தோஷமாக, கதவுக்குப் பக்கத்தில்.

"சத்தத்தையே காணோமேக்கா. உன்கிட்ட ஒட்டிக்கிட்டானா?"

குழந்தை இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. அவள் விரல்களுக்குக் கீழே அந்தக் கை, அவசரமே இல்லாமல், தட்டிக்கொண்டிருந்தது.