பெயர் மாறிய பஸ்ஸைக் காணோம்!

டெலிபோன் அலறியது.

கெய்ரோ போலீஸ் கேப்டன் ரிஃப்அத் வாயிலிருந்த ஃபலாஃபல் வடையை அவசரமாக விழுங்கிவிட்டு எடுத்தார்.

"பாஷா! பஸ்ஸைத் தூக்கிட்டாங்க!"

எகிப்தில் போலீஸ் அதிகாரி என்றால் 'பாஷா', பெரிய மனிதர் என்றால் 'பே'. எதிர்முனையில் தல்அத் பே. 'நசீம்' பஸ் கழகத்தின் தலைவர். நசீம் என்றால் தென்றல். போன வாரம் வரை அதற்கு வேறு பெயர்.

"எந்த பஸ்?"

"புதுசா ஊதா அடிச்ச பஸ்! மத்தியானம் அமைச்சர் ஏறப் போற பஸ்!"

ரிஃப்அத்துக்கு வியர்த்தது. அதற்குள் திருடன் சிக்காவிட்டால் அவருக்கு லிபிய எல்லைச் சோதனைச் சாவடி. அங்கே ஒட்டகங்களே மாற்றல் கேட்டுக்கொண்டிருந்தன...

டிப்போ. டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருவன் கையில் மட்டும் விலங்கு.

"இந்த ஸப்ரிதான்!" என்று குதித்தார் பே. "புதுப் பெயின்ட்டைப் பார்த்துட்டு 'கொளுத்தணும்'னு கத்தினவன்!"

"கத்தினேன் பாஷா!" என்றான் ஸப்ரி. "சிவப்பா இருந்தப்ப ஜனம் ஓடி வந்து ஏறுச்சு. இப்ப தயிர் கம்பெனி வண்டின்னு நெனச்சு ரெண்டு கிலோ கேக்குது! வயிறு எரியாதா? ஆனா திருடல. அந்தக் கலரை வாசல்ல நிறுத்தினா என் சம்சாரம் என்னை உள்ளயே விடமாட்டா!"

"வாயை மூடு! லண்டன்லேர்ந்து ஆள் வந்து ஆறு மாசம் யோசிச்ச கலர்டா அது!"

"ஆறு மாசம் யோசிச்சுமா ஊதா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பஸ் போறதை யாராவது பார்த்தீங்களா?" என்றார் ரிஃப்அத்.

"நான் பார்த்தேன் மகனே!" வாசலில் டீ விற்கும் உம்மு ரஜப் முன்னால் வந்தாள். "பிரமிடு ரோட்டுக்குப் போகணும்னு கையைக் காட்டினேன்."

பத்து விரல் நுனிகளையும் கூரை போலச் சேர்த்துக் காட்டினாள். கெய்ரோவில் எவனும் தொண்டையைச் செலவழித்து பஸ்ஸை நிறுத்துவதில்லை. விரல் போதும்.

"டிரைவர் என்ன பண்ணினான்?"

"அதை ஏன் கேக்கறே! வருவேன்னா தலையை ஆட்டணும். வரலைன்னா விரலை ஆட்டணும். இவன் கல்யாண மாப்பிள்ளையாட்டம் கையசைச்சுட்டுப் போறான்! கூட ஒரு சிரிப்பு வேற!"

"முகம்?"

"தொப்பி. கறுப்புக் கண்ணாடி. வேகத்தைக் குறைக்கவே இல்ல... என் கெட்டில் பேரீச்சம் பழமா நசுங்கிடுச்சு!"

ரிஃப்அத்தின் புருவம் உயர்ந்தது.

மெல்ல வரிசையின் எதிரில் போய் நின்றார்.

சட்டென்று... விரல்களைக் கூரையாகச் சேர்த்தார்!

பழக்கதோஷத்தில் டிரைவர்கள் தலையையும் விரலையும் ஆட்டினார்கள்.

"ஏறு, ஏறு!"

"இடமில்ல!"

"நான் அந்தப் பக்கம் போகல!"

விலங்கோடு நின்ற ஸப்ரிகூட மோவாயால் பின்சீட்டைக் காட்டினான்.

ஒரே ஒருவர் மட்டும்... இனிமையாகச் சிரித்துக் கையசைத்தார்.

தல்அத் பே!

ரிஃப்அத் அவர் பக்கம் திரும்பினார்.

"பே... நீங்க பஸ்ல போயிருக்கீங்களா?"

"நானா? எதுக்கு? நான் தலைவராச்சே!"

"பஸ் எங்கே?"

பே அப்படியே தரையில் உட்கார்ந்தார். "மாமனார் கரும்புத் தோட்டத்துல... கரும்புக் கட்டுல மோதித்தான் நின்னுச்சு..."

"மோதியா? பிரேக் என்னாச்சு?"

"பிரேக் மாத்தற காசுலதான் பேரை மாத்தினோம்!" பே விசும்பினார். "அமைச்சர் ஏறி, வண்டி நிக்காம நைல்ல இறங்கியிருந்தா..."

"அதான் தென்றல்னு வெச்சீங்களா?" என்றான் ஸப்ரி. "அதுவும் எங்கயும் நிக்காதே!"

விலங்கு கை மாறியது. பே தள்ளாடியபடி போலீஸ் வேனில் ஏறினார். துருப்பிடித்த கதவைப் பார்த்து நடுங்கினார்.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க பாஷா... ரொம்பப் பழைய வண்டியா இருக்கே!"

ரிஃப்அத் கதவை அறைந்து சாத்தினார்.

"பயப்படாதீங்க பே! பேர் அழிஞ்சு போச்சு, பெயின்ட் உரிஞ்சு போச்சு... ஆனா பாழாப்போனது, பிரேக் மட்டும் பிடிக்குது!"