கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை

காலை 9.10. இருபது ஜாடிகளிலும் அசைவில்லை.

கடுகைவிடச் சிறிய நீர்ப்பூச்சிகள். நேற்று மாலை வரை துள்ளியவை இன்று அடியில் வெள்ளைத் துகளாகக் கிடந்தன. சுண்டு என்று கல்லூரியே கூப்பிடும் முதலாண்டு மாணவி ஒவ்வொரு ஜாடியாகத் தட்டிப் பார்த்தாள். பக்கத்து மேசையில், அவள் வகுப்புத் தோழன் நெட்டையின் இருபது ஜாடிகளிலும் பூச்சிகள் ஜோராக நீந்திக்கொண்டிருந்தன.

பதினொரு மணிக்கு அப்பா வருகிறார். மூன்று மாதமாக என்ன ஆராய்ந்தாள் என்று அவரிடம் காட்டியாக வேண்டும். காட்டினால் அறிவியல் படிப்பு தொடரும். இல்லையென்றால் திங்கள்கிழமை முதல் சித்தப்பாவின் அலுவலகத்தில் தட்டச்சு.

9.25. பேராசிரியர் வந்தார். ஆறடி உயரம், இரண்டு முட்டியிலும் வலி. முதலாண்டுப் பிள்ளைகளும் ஆராய்ச்சி செய்யட்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றவர். கதவில் அவர் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது: மாணவர் கை தவிர வேறு கை படக் கூடாது.

தீனியை அள்ளிப் போட்டிருப்பாய் என்றார் சுண்டுவிடம். அளந்துதான் போட்டேன் என்றாள். அடுத்து நெட்டையை ஒரு பார்வை பார்த்தார். நெட்டைக்கு வியர்த்தது.

கண்ணாடிச் சாமான்கள் கழுவும் லேப் அக்கா துடைக்கும் துணியோடு வந்து நின்றாள். ஜாடிகளைப் பார்த்தாள். மூலையில் இருந்த வாளியையும் பார்த்தாள். இரண்டு மாதமாகக் குழாயில் கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் மருந்து கலந்த நகராட்சித் தண்ணீர்தான் வருகிறது. மருந்து நெடி போக அதை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பிள்ளைகள் ஜாடியில் ஊற்றுவார்கள். வாளித் தண்ணீர் நேற்றைய அளவிலேயே இருந்தது. மேலே படிந்த தூசிகூடக் கலையவில்லை.

9.40.

"ஏழு மணிக்கு நான் கதவைத் திறந்துட்டுக் கீழ போயிட்டேன். அப்புறம் யாரு வந்தா?"

"எட்டுக்கு நான் வந்தேன்க்கா," என்றான் நெட்டை. "என்னோடதை எண்ணிட்டுப் போயிட்டேன். அவளோடதும் நீந்திட்டுதான் இருந்துச்சு. கொஞ்சம் சோம்பலா."

"அவ ஜாடியைத் தொட்டியா?"

"தொட்டிருந்தா இவ என்னை உசுரோட விட்டிருப்பாளா?"

சுண்டுவின் ஜாடித் தண்ணீர் நேற்று எப்படி இருந்தது என்று அக்கா கேட்டாள். லேசான பச்சை. இன்று பளிங்கு. தண்ணீர் மாற்ற இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்றாள் சுண்டு.

அக்கா குனிந்து, ஜாடியில் அளவுக்குப் போட்டிருந்த கோட்டோடு கண்ணை ஒட்டினாள். தண்ணீர் ஒரு மயிரிழை கீழே நின்றது. இருபதிலும் அப்படியே. நெட்டையின் ஜாடிகளில் சரியாகக் கோட்டில்.

10.15.

"இந்தப் பிள்ளைங்க முட்டி போட்டு, கோட்டுக்கு நேரா கண்ணை வெச்சுதான் ஊத்துவாங்க," என்றாள் அக்கா. "நெட்டைகூட ஒட்டகம் மாதிரி மடங்கி உக்காருவான். நின்னுக்கிட்டு மேல இருந்து பாத்தா, கோட்டைத் தொட்ட மாதிரி தெரியும், ஆனா தொட்டிருக்காது. ஊத்தினவருக்கு முட்டி மடங்காது. வாளி எதுக்குன்னும் தெரியாது. நேரா குழாயைத் திறந்துட்டாரு."

குழாய் சொட்டியது.

"சார், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல வந்தது நீங்கதானே?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சுண்டுவின் அப்பா வரும்போது தண்ணீர் கலங்கலாக இருக்க வேண்டாமே என்று நினைத்ததாகச் சொன்னார். கிணற்றுத் தண்ணீர் என்றே நினைத்தாராம்.

"குழாய்த் தண்ணி மாறினதை நோட்டுல எழுதியிருந்தேன் சார்," என்றாள் சுண்டு மெல்ல. "வாரா வாரம் கையெழுத்துப் போட்டீங்களே."

அவர் நோட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் படித்தார், மூன்று மாதத்தில் முதல் முறையாக.

11.00. அப்பா வாசலில் நின்றார். பேராசிரியர் முந்திக்கொண்டு, பூச்சிகளைக் கொன்றது தான்தான் என்றார். அப்பா செத்தவற்றையும் நீந்துபவற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே அளவு தண்ணி மாதிரிதானே இருக்கு?"

சுண்டு நோட்டை ஒருபுறம் வைத்தாள். "அப்படிப் பாத்தா தெரியாதுப்பா. இங்க வாங்க."

சட்டைப்பையிலிருந்த வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் அப்பா முட்டி போட்டார்.