இருட்டு வார்டின் கேமரா

கைவிடப்பட்ட ஆஸ்பத்திரியில் கேமரா பொருத்தும் வேலை. கூட வர வேறு ஆள் கிடைக்காமல், வீடியோ டெக்னீஷியன் தன் மனைவியின் ஒரே தம்பியையே இழுத்துக்கொண்டு வந்திருந்தான். பட்டப்பகலிலும் உள்ளே ஈரச் சுண்ணாம்பு நாற்றம் வீசியது. மச்சினனுக்கு வந்த நிமிஷத்திலிருந்தே மூஞ்சி சரியில்லை.

ஒவ்வொரு கேமராவும் நொடிக்கு ஒரே அளவு தரவைத்தான் அனுப்ப வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்படித்தான் அவன் அமைத்திருந்தான். அறையில் அசைவில்லையென்றால் படத்துக்குச் சொற்பம் போதும், மிச்ச இடத்தை வெற்றுத் தரவு அடைத்துக்கொள்ளும். கீழ்த்தள அறையில் அவன் முன்னால் இருந்த திரையில், ஒவ்வொரு கேமராவின் படத்துக்குக் கீழும் அந்த வெற்றுத் தரவின் அளவு ஓடியது. ஆளில்லாத கட்டடமல்லவா, எல்லாக் கேமராவிலும் வெற்றுத் தரவுதான் வழிந்தது.

மாடியின் கடைசி வார்டைத் தவிர.

ஜன்னல்களுக்குப் பலகை அடித்த வார்டு அது. திரையில் கும்மிருட்டு. ஆனால் வெற்றுத் தரவு பூஜ்யம். அந்தக் கறுப்புக்குள் ஏதோ ஓயாமல் நெளிந்து, அனுப்பும் அளவு முழுவதையும் தின்றுகொண்டிருந்தது.

இருட்டில் கேமரா படத்தில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் துடிக்கும், அந்த அசைவுதான் இது என்று அவன் தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டான். போய்ப் பார்த்துவிட்டு வா என்று மச்சினனை விரட்டினான். அவன் தயங்கியதற்கு, அக்காவைத் துணைக்குக் கூப்பிடட்டுமா என்று நக்கல் வேறு. பாவி மனுஷன்!

கொஞ்ச நேரத்தில் போனில் மச்சினன் குரல் கேட்டது. "உள்ள வந்துட்டேன் மாமா. டார்ச் அடிக்கிறேன், தெரியுதா?"

திரை கறுப்பாகவே இருந்தது.

"ஒண்ணும் தெரியலடா. கேமராவுக்கு நேரா அடி."

பதில் வெறும் மூச்சுக்காற்றாய் வந்தது.

"மாமா... கேமராவுல மூஞ்சிய ஒட்டிக்கிட்டு யாரோ நிக்கிறாங்க. உங்களத்தான் பாக்குறாங்க."

"ஓடி வந்துடு."

"திரும்புறாங்க மாமா."

போன் விழுந்த சத்தம் கேட்டது. கறுப்பு விலகி, திரையில் வார்டு தெரிந்தது. உருண்டு கிடந்த டார்ச் வெளிச்சத்தில் மச்சினன் மல்லாந்து கிடந்தான். வேறு யாருமில்லை. வெற்றுத் தரவு உச்சிக்கு ஏறி நின்றது. மூச்சு விடுகிறவனின் மார்பு ஏறி இறங்கினாலே அது கொஞ்சமாவது குறைய வேண்டும்.

குறையவில்லை.

நான்தானே அனுப்பினேன், அவன் அக்காவிடம் எந்த வாயால் சொல்வேன் என்று அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். அப்போது வராந்தா கேமராவில் வெற்றுத் தரவு சரிந்தது. படத்தில் வெறும் வராந்தா. அடுத்து மாடிப்படி. படத்தில் வெறும் படிகள்.

பயத்தில் அவனுக்கு விரல்கூட அசையவில்லை.

திரையின் ஓரச் சதுரத்தில் அவன் இருந்த அறையின் படம். நாற்காலியில் அவன் மட்டும் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

அங்கேயும் வெற்றுத் தரவு பூஜ்யத்தைத் தொட்டது.